முகமூடி ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு

முகமூடி அணிந்து குதிரையில் வரும் அமெரிக்க வானொலி நாடக நாயகன் லோன் ரேஞ்சரைப் படைத்தவர் யார் என்று கேட்டால் பழைய வானொலி நாடகப் பிரியர்களில் பாதிப் பேர் ஜார்ஜ் டிரெண்டில் என்று நிலைய முதலாளியின் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

டிரெண்டிலின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. டெட்ராயிட்டில் திரையரங்குகள் நடத்திவந்த அவரும் அவருடைய கூட்டாளியும் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். என்ற வானொலி நிலையத்தை வாங்கினார்கள். 1932இல், பல நிலையங்களுக்கு நிகழ்ச்சி தந்த சி.பி.எஸ். வானொலி வலையமைப்பிலிருந்து வெளியே வந்தார்கள். அமெரிக்காவே பொருளாதார வீழ்ச்சியில் தத்தளித்த நேரம். நிகழ்ச்சிகளை இனிமேல் சொந்தமாகத் தயாரித்தாக வேண்டும், அதுவும் சிக்கனமாக. அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட, சிறுவர்களுக்குப் பிடித்த, முகமூடி அணிந்த நியாயவான் ஒருவன் வேண்டும் என்று பேசி முடிவெடுத்தது அந்த அலுவலகத்தில்தான். ஆனால் பேச்சு நாடகமாகிவிடாதே? உட்கார்ந்து எழுத ஓர் ஆள் வேண்டுமே? பஃபலோ நகரில் வானொலிக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த ஃபிரான் ஸ்ட்ரைக்கரிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். 1933 ஜனவரி இறுதியில் நாடகம் ஒலிபரப்பானது.

அந்த நாடகத்தில் நாம் ரசிக்கிற பலவும் பணமுடையிலும் வானொலியின் நெருக்கடியிலும் பிறந்தவை. முகப்பிசையாக ரோஸ்ஸினியின் 'வில்லியம் டெல்' இசையை எடுத்தார்கள். செத்துப்போன மேதைக்கு உரிமைத்தொகை தர வேண்டியதில்லை என்பதுதான் அதிலிருந்த பெரிய வசதி. கதாநாயகனின் பழங்குடித் தோழர் டோன்டோ வந்த கதை இன்னும் சுவையானது. தொடக்க வாரங்களில் கதாநாயகன் தனியாள். திரைப்படத்தில் ஒருவன் வாய் திறக்காமல் குதிரையில் போகலாம். வானொலியில் அப்படிப் போனால் கேட்பவர் பெட்டி பழுதென்று தட்டிப்பார்ப்பார். தான் நினைப்பதை அவன் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதற்காகவே சில வாரங்களில் டோன்டோ உள்ளே வந்தார். கதையின் ஒரு முக்கியப் பாத்திரம் பிறந்தது பேச்சுத்துணைக்கு!

அந்தப் பேச்சுத்துணைக்குக் கிடைத்த மரியாதை வேறு கதை. கதாநாயகன் கொச்சை கலக்காமல் இலக்கண சுத்தமாகப் பேச வேண்டும் என்பது நிலையத்தின் கண்டிப்பான விதி. கூடவே வரும் பழங்குடி மனிதருக்கு மட்டும் உடைந்த ஆங்கிலம். அந்தக் குரலைக் கொடுத்தவர் ஜான் டோட் என்ற வெள்ளைக்கார நாடக நடிகர். தொடர் முடிந்தபோது 70 வயதைத் தாண்டியிருந்தார். முகம் தெரியாத ஊடகத்தில் யார் வேண்டுமானாலும் யாராகவும் ஆகலாம் என்று சிலாகிக்கிறோம். ஆகும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதையும் கேட்கத்தானே வேண்டும்.

நாடகம் பிடித்துக்கொண்டது. 1933இல் முதலில் எழுதும் 300 பேருக்குப் பொம்மைத் துப்பாக்கி இலவசம் என்று அறிவித்தபோது ஏறத்தாழ 25,000 கடிதங்கள் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டு நான்கு நிலையங்கள் சேர்ந்து மியூச்சுவல் வலையமைப்பைத் தொடங்கியபோது, அவற்றில் ஒன்றான டெட்ராயிட் நிலையம் கையோடு கொண்டுவந்த பெரிய சொத்து இந்த முகமூடிக்காரன்தான்.

அதே 1934இல் ஸ்ட்ரைக்கர் தன் படைப்பின் உரிமையை நிலையத்துக்கு எழுதிக்கொடுத்தார். பத்திரத்தில் குறித்த விலை 10 டாலர். அதன்பிறகு அவர் சம்பளத்துக்கு எழுதுபவர். வாரம் 3 நாடகங்கள் என்றால் ஆண்டுக்கு 156. வேலைப்பளுவைக் குறைக்கப் பிறகு உதவி எழுத்தாளர்கள் வந்தார்கள் என்றாலும் சுமையின் பெரும்பகுதி அவர் தோளில்தான் இருந்தது. இடையில் நாவல்கள், பத்திரிகைகளுக்கான சித்திரக்கதை, அதே நிலையத்தின் 'கிரீன் ஹார்னெட்' தொடர் வேறு. வாரம் 60,000 சொற்கள் எழுதினார் என்பார்கள். இப்படி ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தால் தரம் சறுக்காதா என்றால், சறுக்கத்தான் செய்தது. தொடர்ந்து கேட்டால் ஒரே பண்ணை அபகரிப்பு, ஒரே பொய்ச்சாட்சி திரும்பத் திரும்ப வரும். ஆனால் அந்த அச்சை வார்த்தவர் அவர்தானே.

முகமூடி உண்மையில் யாருக்குப் பயன்பட்டது என்று புரிய 1941 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். 1933 முதல் கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவர் ஏர்ல் கிரேசர். விழாக்களில் லோன் ரேஞ்சராகக் குதிரையேறி வந்தது அவர் இல்லை; ஆள் உயரமும் தோற்றமும் பொருந்திய பிரேஸ் பீமர் என்ற அறிவிப்பாளர். குரல் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது, இரண்டும் நிலையத்தின் சொத்து. ஏப்ரல் 8 அன்று கிரேசர் கார் விபத்தில் இறந்தார். வயது 32. ஆனால் நாடகத்தை நிறுத்தவில்லை. கதையில் ரேஞ்சர் படுகாயமடைந்தார். அடுத்த சில நாடகங்களில் அவரிடமிருந்து முனகலுக்கும் கிசுகிசுப்புக்கும் மேல் எதுவும் வரவில்லை. டோன்டோ ஓடியாடிக் கதையை நகர்த்தினார். ரேஞ்சர் உடல் தேறி முழுக் குரலில் பேசியபோது, அது பீமரின் கனத்த குரல்.

தொழில் நேர்த்தி என்ற வகையில் இது அபாரம். பாத்திரத்தின் காயத்துக்குள் நடிகரின் சாவை மறைத்து, அனுதாபத்தோடு காதைத் தீட்டிக் கேட்ட சிறுவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக் குரலுக்குப் பழக்கியிருக்கிறார்கள். இதற்குக் கைதட்டுகிற என் கைக்கே கூச்சமாகவும் இருக்கிறது. எட்டு ஆண்டுகள் பேசிய மனிதரின் இடம் சில நாடகங்களுக்குள் தடமில்லாமல் நிரம்பிவிட்டது. நடிகர் மாறினார், நாடகம் மாறவில்லை. அதைத் தாங்கிப் பிடித்தது எழுத்து. எழுதியவருக்கோ அதன்மேல் காலணா உரிமை கிடையாது.

1954 செப்டம்பரில் வானொலித் தொடரின் புதிய ஒலிபரப்பு முடிந்தது. அதே ஆண்டு டிரெண்டில் லோன் ரேஞ்சர் உரிமையை ஜாக் ராதர் என்ற தயாரிப்பாளரிடம் விற்றார். விலை 30 லட்சம் டாலர். 10 டாலர் எங்கே, 30 லட்சம் எங்கே! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பதற்கு டெட்ராயிட்டிலும் ஆள் இருந்திருக்கிறது. ஸ்ட்ரைக்கர் 1962இல், அவரும் ஒரு கார் விபத்தில்தான், இறந்தார்.

ஊரே வேலையில்லாமல் நின்ற காலத்தில் டிரெண்டில் மாதாமாதம் சம்பளம் கொடுத்தாரே, அது பெரிதில்லையா என்று ஒரு நண்பர் வாதிட்டார். பெரிதுதான். சம்பளம் கொடுத்த முதலாளி என்று அவரைத் தாராளமாகச் சொல்லலாம். படைத்தவர் என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

1938க்குப் பிந்தைய நாடகங்களின் ஒலிப்பதிவுகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. கேட்பவர்கள் 1941 ஏப்ரல் வரிசையிலிருந்து தொடங்குங்கள். டோன்டோவின் வசனங்களுக்காக உங்களுக்கும் கோபம் வந்தால் கருத்துப்பெட்டியில் வந்து சொல்லுங்கள், சேர்ந்தே திட்டலாம்.