கையால் தொடங்கினால் ஓடுகிறது என்பது பதில் அல்ல

மின்சாரம் போய் வந்ததும் சேர்வர் தானாக எழுந்துவிடுகிறது, ஆனால் அதில் பின்னணியில் இயங்க வேண்டிய மென்பொருள்களான சேவைகள் எழுவதில்லை என்ற முறைப்பாடு கொழும்பில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதியதல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது நினைவிருக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் பல அலுவலகங்களில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மறுநாள் காலை புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் பில் போட முடியவில்லை. பராமரிப்புக்குப் பொறுப்பானவர் தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழைந்து, நின்றிருந்த பில் மென்பொருளின் சேவைக்கு ‘ஸ்டார்ட்’ கொடுத்தார். அது ஓடியது. “இப்ப சரி அண்ணே, வேற பிரச்சினை ஒண்டும் இல்ல” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

அவர் தீர்த்தது அன்றைய வியாபாரத்தை மட்டுமே. கையால் தொடங்கும்போது ஒரு சேவை ஒழுங்காக ஓடுகிறது என்றால், மென்பொருள் பெரும்பாலும் பழுதில்லை, சேர்வர் எழுந்த அந்தச் சில நிமிடங்களில் அதற்குத் தேவையான ஏதோ ஒன்று இன்னும் தயாராகவில்லை என்றே பொருள். எது தயாராகவில்லை என்று தேடுவதுதான் வேலை.

வின்டோஸில் ஓடிய அந்தச் சேர்வரின் ஈவென்ட் வியூவரில், அதாவது நடந்தவற்றைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், 7009, 7000 என்ற இரண்டு பதிவுகளும் அடுத்தடுத்து இருந்தன. சேவை தான் எழுந்துவிட்டதை வழமையான 30 வினாடி அவகாசத்துக்குள் அறிவிக்காததால் வின்டோஸ் அதைக் கைவிட்டிருந்தது. திடீரென மின்சாரம் போன தரவுத்தளம் மீண்டும் எழும்போது, பாதியில் நின்ற பரிவர்த்தனைகளைத் தன் பதிவுக் கோப்பைப் பார்த்துச் சரிசெய்த பின்னரே கதவைத் திறக்கும். பில் மென்பொருளோ அந்தக் கதவு திறக்கும்வரை வாசலில் நின்றபடி தன் அவகாசத்தைத் தீர்த்துவிட்டது. சேவையைத் தாமதித்துத் தொடங்கும் ‘டிலேய்ட் ஸ்டார்ட்’ வைத்தால் போதும் என்பார்கள். அது வழமையாக 2 நிமிடம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சரிசெய்ய வேண்டியது அதிகமாக இருக்கும் நாளில் 2 நிமிடம் எந்த மூலைக்கு? தரவுத்தளச் சேவையைச் சார்புச் சேவையாக, அதாவது முதலில் எழ வேண்டிய சேவையாகக் குறிப்பது அதைவிட நல்லது. ஆனால் எஸ்கியூஎல் சேர்வர் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் சேவை ‘ரன்னிங்’ என்று காட்டும்போதே உள்ளே ஒரு தரவுத்தளம் இன்னும் மீட்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே, இணைப்புக் கிடைக்காவிட்டால் பொறுத்து மீண்டும் முயலும் பண்பு மென்பொருளிலேயே இருக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

லினக்ஸிலும் கதை இதேதான். அங்கே சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ‘ஸ்டார்ட்’ என்பது இப்போதைக்கு, ‘எனேபிள்’ என்பது சேர்வர் அடுத்த முறை எழும்போது தானாகத் தொடங்குவதற்கு. இதை மறந்தவர்களை விட்டுவிடுவோம். அதிகம் ஏமாற்றுவது, சேவையின் அமைப்புக் கோப்பில் எழுதும் ‘ஆஃப்டர்’ என்ற வரி. அது வரிசையை மட்டுமே சொல்லும், மற்றச் சேவையை இழுத்து வராது. ‘நெட்வொர்க் டார்கெட்’ என்ற தொடக்கக் கட்டத்துக்குப் பின் என்று எழுதினாலும், வலையமைப்பில் சேர்வருக்கு வேண்டிய ஐபி முகவரி கிடைத்துவிட்டது என்று உறுதியில்லை. அதற்கு ‘நெட்வொர்க்-ஒன்லைன் டார்கெட்’டை, மற்றதையும் இழுத்து வரும் ‘வோன்ட்ஸ்’ வரி, ‘ஆஃப்டர்’ வரி இரண்டிலும் குறிப்பிட வேண்டும். ரவுட்டர் சேர்வரைவிட மெதுவாக எழும் நம் சிறிய அலுவலகங்களில், குறிப்பிட்ட முகவரியில் இணைப்புகளுக்காகக் காத்திருக்க வேண்டிய சேவை, அந்த முகவரியே இல்லாமல் விழுகிறது. விழுந்தால் மீண்டும் தொடங்கச் சொல்லும் ‘ரீஸ்டார்ட்’ வரியைச் சேர்த்தவர்களும் தப்புவதில்லை. வழமையான இடைவெளி 100 மில்லி வினாடி, 10 வினாடிக்குள் 5 தொடக்கம் வரைதான் அனுமதி என்பதால், ரவுட்டர் கண் விழிக்குமுன்பே அத்தனை வாய்ப்பும் தீர்ந்துவிடும். இடைவெளியை 10 வினாடியாக்கினாலே நிலைமை மாறும்.

இன்னொன்று, வின்டோஸில் சேவை எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட். யாரோ அதை மாற்றியிருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சேவை பழைய உள்நுழைவிலேயே தொடர்வதால் எவருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் கழித்து ஒரு மின்வெட்டில், உள்நுழைய முடியவில்லை என்னும் 7038 பதிவோடு அது வெளிவரும்போது, பழி மின்சாரசபையின் தலையில் விழுகிறது.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் ஒன்றைச் செய்யச் சொல்வேன். வேலை முடிந்த ஒரு மாலையில் சேர்வர், ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் முறைப்படி நிறுத்தி, ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்து, யாரும் சேர்வருக்குள் நுழையாமல், காசாளர் மேசையிலிருந்து ஒரு பில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பில் வராவிட்டால், எந்தப் பதிவைப் பார்த்து என்ன காரணம் கண்டார் என்பதைப் பராமரிப்பாளர் எழுத்தில் தரட்டும்.