அப்பத்தா கையில் தோசைத் திருப்பி இருந்தா உங்களுக்கு எங்கே வலிக்குது?

பொங்கலுக்கு இங்கே ரங்கூன்ல ஒரு அப்பத்தாவுக்கு பர்மா ராஜா வேஷம் போட்டு, மீசை ஒட்டி, கையில தோசைத் திருப்பியோட நான் எடுத்துப் போட்ட விளையாட்டுப் படத்துக்குக் கீழே ஒரு அண்ணன் எழுதினதை எல்லாரும் படிச்சிருப்பீங்க. திரும்ப இங்கே ஒட்ட மாட்டேன். "கோமாளி", "பத்து நொடி ஃபில்டர்". இந்த ரெண்டுதான் மூணு நாளா தொண்டையில நிக்குது.

பத்து நொடி. சரி, கணக்குப் பார்ப்போம்.

அப்பத்தா தலையில இருந்த கவுங்பவுங், அதாவது பர்மாத் தலைப்பாகை, பிரம்புக்கூடு மேல பட்டு சுத்தினது, ஆம்பளை அளவு. அப்படியே வெச்சா புருவம் வரைக்கும் இறங்கி கண்ணுல நிழல் விழும். கைக்குட்டையை நாலா மடிச்சு பின்பக்கம் மட்டும் உள்ளே திணிக்கணும். சுத்திலும் திணிச்சா தலைக்கு மேல மிதக்கிற மாதிரி இருக்கும். தைக்பொன்னு சொல்ற பர்மா மேல்சட்டை தோள்ல நாலு விரல் பெரிசு. முதுகுத்தண்டை ஒட்டி ரெண்டு அங்குலத்துக்கு ஒண்ணா ஏழு கிளிப். பின்னாலிருந்து பார்த்தா மீன்முள்ளு, முன்னாலிருந்து பார்த்தா அளவெடுத்துத் தைச்சது. ஊக்கு மட்டும் குத்திடாதீங்க, வாடகைப் பட்டுல ஓட்டை விழுந்தா முன்பணம் போச்சு.

மீசை இன்னொரு கதை. நாடகக்காரங்க பசை வயசானவங்க தோலுக்கு ஆகாது, பிய்க்கிறப்போ தோலும் சேர்ந்து வரும். இமைமுடி ஒட்டுற பசையே போதும். அதையும் முந்தின நாள் மணிக்கட்டின் உள்பக்கம் தடவி, சிவக்குதான்னு பார்க்கணும். கழட்டும்போது தேங்காயெண்ணெய் தொட்டு ஊறவிடணும், இழுக்கக் கூடாது.

இடுப்புல இருந்தது அச்செய்க் பட்டு. பர்மாவுல அமரபுரத்து லுன்தயா நெசவு, லுன்தயான்னா "நூறு நாடா"ன்னு அர்த்தம், தறியில ஓடுற நாடா. நெருக்க நெருக்கமா அலைக்கோடு. அந்தக் கோடு கேமரா சென்சாரின் புள்ளி வரிசையோட மோதினா துணி மேல வானவில் மாதிரி இல்லாத கோடெல்லாம் ஓடும். கம்ப்யூட்டர்ல அழிக்க உட்கார்ந்தா ராத்திரி போயிடும். எடுத்த இடத்துலேயே படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துட்டு அரையடி முன்னேயோ பின்னேயோ நகர்ந்தா தீர்ந்துடும்.

இது வேலை, அண்ணே.

கரண்ட் எப்போ போகும்னு தெரியாத ஊர்ல ஜன்னல்தான் விளக்கு. காலை ஒன்பதுக்குள்ள எடுத்தாகணும். பின்துணியிலிருந்து அஞ்சடி தள்ளி நாற்காலி, அப்போதான் நிழல் துணியில விழாது. இருட்டான கன்னத்துப் பக்கம் வெள்ளைத் தெர்மகோல். லென்ஸ் திறப்பு, அதான் அபர்ச்சர், 5.6. பந்தாவுக்கு 1.8 வெச்சா கண்ணு மட்டும் கூர்மையா இருக்கும், தலைப்பாகை கரைஞ்சுடும். இந்த வேஷமே தலைப்பாகையிலதானே நிக்குது! ஷட்டர் நொடியில 200-ல ஒரு பங்கு. 60-க்கு இறங்கினா அப்பத்தா குலுங்கிச் சிரிக்கிறது கலங்கிப் போகும்.

கன்னத்துல தனக்காவும், பர்மாக்காரங்க பூசுற மரப்பட்டைக் குழம்பு, பூசலாம்னு வீட்டுல சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். கெட்டியாப் பூசினா சிரிச்ச உடனே வெடிக்கும், அது ஒண்ணு. பெரிய காரணம் வேற. விளையாட்டுப் படத்துல எல்லாம் அச்சு அசலா இருந்து ஒண்ணே ஒண்ணுதான் இடறணும். ராஜா உடுப்பு குறையில்லாம இருக்கணும், செங்கோல் இருக்க வேண்டிய கையில தோசைத் திருப்பி. அதோட நிறுத்தணும். இன்னொரு வேடிக்கை சேர்த்தா ரெண்டும் செத்துப் போகும். கறுப்புக் கண்ணாடியைக் கூட அதுக்காகத்தான் கழட்டினேன்.

"பர்மாக்காரங்க உடுப்பைக் கேலி பண்றீங்களா"ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. நியாயமான கேள்வி. துறவி ஆடை, புத்தர் சிலை, பகோடா பின்னணி இதெல்லாம் நான் தொடுறதே இல்லை. தைக்பொன் நம்ம ஆளுங்களும் கல்யாணத்துக்குப் போடுறதுதான். அந்தப் படத்துல சிரிப்பு திருப்பியில இருக்கு, சட்டையில இல்லை.

செலவு வீண்னு சொன்னவங்களுக்குப் பதில் கிடையாது. உங்க வீட்டுக் கல்யாண ஆல்பத்தோட எடையை நான் கேட்டேனா?

ஜெர்மன்காரர் கிளியர் 19-ஆம் நூற்றாண்டுலேயே இதே ரங்கூன்ல ஆளை உடுத்தி, நிறுத்தி, ஸ்டூடியோ படம் எடுத்தவர். அந்தப் படங்களை "நம்ம ஊர் வரலாறு"ன்னு பகிர்ந்தீங்களே அண்ணே, போன மாசம்தான். செத்தவங்க உடுத்தி நின்னா வரலாறு, உயிரோட இருக்கிற அப்பத்தா உடுத்தினா கோமாளியா?

"பாவம், அவங்களுக்கு என்ன தெரியும், உட்காரச் சொன்னா உட்கார்ந்திருப்பாங்க"ன்னும் எழுதியிருந்தீங்க. திருப்பியை அடுப்படியிலிருந்து எடுத்துட்டு வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? நான் வெச்சிருந்தது பித்தளைத் தடி. "இது எதுக்குடா"ன்னு தூக்கி ஓரமா வெச்சுட்டு உள்ளே போனாங்க. நாற்பது நிமிஷம் உடுத்தினோம், ஆறே நிமிஷம் எடுத்தோம், அதுக்கு மேல முதுகு தாங்காது. அந்த ஆறு நிமிஷத்துல அவங்க முகத்தை நான் பார்த்தேன். நீங்க அந்த வீட்டுப் படியேறி எத்தனை வருஷமாச்சு? படத்துல மீசையைப் பார்த்ததும் வந்த அக்கறை, அந்த மாடிப்படியில ஒரு நாளாவது வந்திருக்கலாம்.

அப்பத்தாவோட மகன் கேட்டுக்கிட்டதால போட்ட படத்தை நீக்கிட்டேன். பிரிண்ட் அப்பத்தாகிட்ட இருக்கு, அதை யாரும் டெலீட் பண்ண முடியாது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அடுத்த படம், அவங்க சிநேகிதி. பசையை மணிக்கட்டுல தடவிப் பார்த்தாச்சு. சிவக்கலை.