அந்த ஆடியோவை எனக்கு அனுப்பியவர்களுக்கு

ரெண்டு நாளாக யார் போனையும் எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எந்த ஆடியோ என்று விளக்க வேண்டியதில்லை. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று மலையில் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடி முடிந்துவிட்டது. இயற்கை வாழ்வியல் வகுப்பு எடுக்கிற அந்த ஐயா, "கோத்தகிரி பக்கம் ஒரு ஒன்றரை வயசுப் பையன், காவாசாகின்னு பேர் வெச்சுப் பணத்தைக் கறந்தாங்க" என்று ஆரம்பிக்கிறாரே, அந்தப் பையன் என் பையன்தான். பெயர் சொல்லாவிட்டால் தெரியாமல் போய்விட இது என்ன சென்னையா? பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். "பாக்கெட் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து நோயை வாங்கி வந்த அம்மா" நான்தான். வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். சின்னக் குழந்தைகளின் ரத்தக்குழாய்களைப் புண்ணாக்குகிற இந்தக் காவாசாகி நோய் எதனால் வருகிறது என்று இன்றைக்கு வரைக்கும் உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது, என் மகனைப் பார்த்த டாக்டருக்குத் தெரியாது, ஆடியோ ஐயாவுக்கும் தெரியாது.

டோக்கியோவில் டொமிசாகு காவாசாகி என்று ஒரு குழந்தை டாக்டர். 1961 ஜனவரியில் நாலு வயசுப் பையன் ஒருவனைப் பார்க்கிறார். விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு. என்ன நோய் என்று பிடிபடவில்லை. அதோடு விட்டுவிடாமல் அதே மாதிரி வருகிற குழந்தைகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்து, 50 பேர் சேர்ந்த பிறகு 1967ல் கட்டுரை எழுதினார். புது நோய் என்று அவர் சொன்னதை அவர் நாட்டு டாக்டர்களே உடனே ஏற்கவில்லை. 2020ல் தன் 95வது வயதில் அவர் இறக்கும்போதும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. அவர் பெயரையே வைத்த நோய், வாழ்நாள் முழுக்கத் தேடியும் அவருக்கே கிடைக்காத விடை. அதை நம் ஐயா நாலு நிமிஷ ஆடியோவில் சொல்லி முடித்து, கடைசியில் வகுப்புக்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிட்டார்.

"அம்மா என்றால் காரணம் தேடத்தானே செய்வாள்?" என்று கேட்பீர்கள். தேடினேனே! கோவை ஆஸ்பத்திரியில் மகன் தூங்கும்போதெல்லாம் போனை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தேன். 1982ல் அமெரிக்காவில் டென்வர் பக்கம் ஒரே சமயத்தில் பல குழந்தைகளுக்கு வந்தபோது, வீட்டுக் கார்ப்பெட்டை ஷாம்பு போட்டுக் கழுவியதால் இருக்குமோ என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது உறுதியாக நிற்கவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ரெண்டு கோரைப்பாய். அடித்துத் தட்டி வெயில் வந்தால் காயப்போடுவோம், கோத்தகிரி வெயில் லட்சணம் உங்களுக்கே தெரியும். ஜப்பானுக்கு ஆசியாவின் உள்பகுதியிலிருந்து வீசுகிற காற்றில் ஏதாவது வருகிறதா என்று 2011ல் ஒரு ஆய்வு. கொரோனா ஊரடங்கில் ஜப்பானில் இந்த நோய் குறைந்ததால், ஏதோ ஒரு சாதாரணக் கிருமி தூண்டிவிடுகிறதோ என்று ஒரு சந்தேகம். ஜப்பானிலும் கொரியாவிலும் அதிகமாக வருவதால் பரம்பரை அமைப்பும் சேர்ந்து வேலை செய்கிறது என்று இன்னொன்று. இதையெல்லாம் எழுதியவர்கள் எல்லோரும் "இருக்கலாம்" என்றுதான் முடிக்கிறார்கள். படித்தவர்களுக்கு அந்த அடக்கம் இருக்கிறது. பாக்கெட் பால் என்று அடித்துச் சொல்ல நம்ம ஊரில்தான் ஆள் இருக்கிறது.

சரி, வேப்பிலைக்கு வருகிறேன். "இந்தப் பெண்ணுக்கு நாட்டு வைத்தியம் என்றாலே இளக்காரம்" என்று ஒரு அக்கா பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அக்கா, என் மாமியார் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர். மகனுக்கு உடம்பு சிவந்ததும் அம்மை என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகியது அவர்தான். யாரையும் உள்ளே விடவில்லை, தாளிக்கக்கூட விடவில்லை. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்புறம் அவரேதான் பேரனை ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அம்மை இல்ல சாமி. அம்மைன்னா கண்ணுல பீளை கட்டும், மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும். இவனுக்குக் கண்ணு ரத்தமா இருக்கு, ஆனா பீளையைக் காணோம். கார் புடி" என்றார்.

அந்தக் கிழவி சொன்னதைக் கோவையில் டாக்டர் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். ரெண்டு கண்ணும் சிவந்து, பீளை கட்டாமல் இருப்பது இந்த நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. அஞ்சு நாளோ அதற்கு மேலோ விடாத காய்ச்சல், அதோடு கண், வெடித்த உதடும் செக்கச்செவேல் என்று நாக்கும், உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுவது, இதில் நாலு இருந்தால் காவாசாகி. நாலு இல்லாமலும் வரலாம், சின்னக் கைக்குழந்தைகளுக்கு அப்படித்தான் ஏமாற்றுமாம். ரத்தத்தில் ஒரு டெஸ்ட் எடுத்து ஆமாம் இல்லை என்று சொல்ல வழியே கிடையாது. பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் மாமியார் பார்த்தார். ஐயா பார்க்கவில்லை, பேசினார். நாட்டு வைத்தியத்தின் மேல் யாருக்கு மரியாதை, யாருக்கு வியாபாரம் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஆடியோவில் என்னை அதிகமாக எரிச்சல்படுத்திய இடம் தடுப்பூசி. "பிறந்தவுடனே போடுற பிசிஜி ஊசித் தழும்பு அந்தப் பையனுக்குச் சிவந்து வீங்கியிருந்துச்சு, இதைவிட சாட்சி வேணுமா" என்கிறார். பிசிஜி என்பது காசநோய்த் தடுப்பூசி. தழும்பு சிவந்தது உண்மைதான். (இந்தச் செய்தி அவருக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்!) டாக்டர் மகனின் சட்டையைக் கழற்றி முதலில் தேடியதே அந்தத் தழும்பைத்தான். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுக்கக் கொந்தளிக்கும்போது பழைய பிசிஜி தழும்பும் சிவப்பது உண்டு. அது நோயைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம். காரணம் என்று எடுத்துக்கொண்டால் அமெரிக்காவுக்கு என்ன பதில்? அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் பிசிஜி போடுகிற வழக்கமே கிடையாது. காவாசாகி அங்கேயும் வருகிறது.

அடுத்தது, "டாக்டர்களே அந்தப் பையனுக்கு இனி ஊசி வேண்டாம்னு நிறுத்திட்டாங்க." நிறுத்தவில்லை ஐயா, தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இதற்குக் கொடுக்கிற மருந்து இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருள் அது, கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அது உடம்பில் இருக்கும்போது தட்டம்மைத் தடுப்பூசி போட்டால் ஊசி எடுபடாது, அதனால் 11 மாதம் கழித்துப் போடச் சொல்கிறார்கள். கிராம நர்ஸ் வீட்டுக்கு வந்து அட்டையில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். அவருக்குப் புரிந்தது இவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் பேசுகிறார். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது தோட்ட மருந்து. இதில்தான் எனக்கு வேண்டியவர்களே என்மேல் கோபப்படுகிறார்கள். "தேயிலைக்கு அடிக்கிற மருந்தைப் பற்றி ஏன் வாய் திறக்க மாட்டேங்கிற, எஸ்டேட்காரன் உனக்கு என்ன கொடுத்தான்" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேரளாவின் காசர்கோட்டை எடுத்துக்காட்டினார். முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்கிற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள், அங்கேயும் முதலில் சம்பந்தமில்லை என்றுதான் சொன்னார்கள், 2011ல் சுப்ரீம் கோர்ட் தடை போடும்வரை மக்கள் போராட வேண்டியிருந்தது. எல்லாம் சரி தம்பி. அந்தக் கேள்விக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் பாதிப்பு கூடிக்கிடந்தது, பார்த்தவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். காவாசாகி தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வருகிற நோய் இல்லை. டோக்கியோ அடுக்குமாடியில் வருகிறது, சண்டிகரில் வருகிறது, கோவையில் நாங்கள் இருந்த வார்டில் திருப்பூர்க் குழந்தை ஒன்று இருந்தது. மருந்தடிக்கிறவர்களுக்கு கையுறை கொடு, முகமூடி கொடு என்று கேளுங்கள், நானும் வந்து நிற்கிறேன். மாமியாரின் கை எப்படி இருக்கும் என்று தினமும் பார்க்கிறவள் நான். அந்தச் சண்டைக்கு என் மகனைப் பதாகையாகப் பிடிக்காதீர்கள். நாளைக்கு இது பொய் என்று நிரூபணமானால் உங்கள் உண்மையான புகாரும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

ஒன்று கவனித்தீர்களா? பால், பிஸ்கட், ஊசி, கிரகணத்தன்று நான் வெளியே வந்தது, வேலைக்குப் போனது, தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தியது (நிறுத்தவில்லை), இத்தனை காரணம் சொன்னீர்களே, ஒன்றாவது என் கணவர் தலையில் விழுந்ததா? பரம்பரை என்று சொன்ன சித்திகூட என் அம்மா வீட்டுப் பரம்பரையைத்தான் சொன்னார். என் கணவரிடம் வந்தவர்கள் எல்லோரும் "பாவம்ப்பா நீ, அலையறே" என்றார்கள். அவர் நல்ல மனுஷர், மகனைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்தான். அலைச்சல் அவருக்கு, காரணம் எனக்கு. நல்ல பங்கீடு.

பக்கத்து வீட்டில் குழந்தையை எங்கள் வாசலுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று சொன்னேன், தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். காய்ச்சல் விட்ட பிறகு மகனின் விரல் நுனிகளில் நகத்தை ஒட்டித் தோல் உரிய ஆரம்பித்தது. அவித்த உருளைக்கிழங்கு மாதிரி, இழுத்தால் முழுசாக வந்துவிடும். நோயின் ரெண்டாவது, மூணாவது வாரத்தில் இது வரும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். அவன் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து என்னிடம் நீட்டுவான். அந்த விரலைப் பார்த்துதான் அங்கன்வாடியில் ஒரு அம்மா தன் பிள்ளையை இழுத்துக்கொண்டார்.

இவ்வளவும் என் சொந்த வலி, விடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. முந்தாநாள் இரவு ஒரு பெண் மெசஞ்சரில் வந்தார். மலைதான், ஊர் சொல்ல மாட்டேன். பெண் குழந்தை, காய்ச்சல் நிற்கவில்லை, கண் சிவப்பு, உதடு வெடிப்பு. இங்கே பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டுக் கோவைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அந்தப் பெண் கிளம்பவில்லை. ஆடியோவைக் கேட்டிருக்கிறார். "அந்த ஊசி ரத்தத்துல பண்றதாமே அக்கா, அவர் சொன்ன கஷாயத்தை மூணு நாள் குடுத்துப் பாத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்கிறார்.

மூணு நாள்! காய்ச்சல் தொடங்கி பத்து நாளுக்குள் இந்த மருந்து ஏற வேண்டும், அதுவும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. இந்த நோயில் ரத்தக்குழாய்ச் சுவர்கள் புண்ணாகின்றன. விட்டுவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் பாதிக்கப்பட்டு அங்கங்கே உப்பிப்போகும். நேரத்துக்குக் கொடுத்தால் அது நூற்றுக்கு நாலைந்தாகக் குறைந்துவிடும். காய்ச்சல் தானாகவே விட்டுவிடும், அதுதான் இதில் பெரிய ஆபத்து. கஷாயம் கொடுத்தாலும் விடும், கொடுக்காவிட்டாலும் விடும். கஷாயம் கேட்டது என்று ஐயா அடுத்த ஆடியோ போடுவார். இதயத்தில் என்ன ஆனது என்று எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தவனுக்குத்தான் தெரியும்.

"நீ படித்தவள், கோவை போகக் காசு இருந்தது, எல்லோராலும் முடியுமா" என்பீர்கள். நகையை வைத்துத்தான் போனோம். முடியாது என்பதும் உண்மை. ஊட்டியில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. குழந்தைக்கு எக்கோ பார்க்கவும் இந்த மருந்தை ஏற்றவும் மலையிலேயே எந்த நேரமும் வழி வேண்டும் என்று கேட்க ஒரு குரூப்பில் ஒரு ஆடியோ வந்திருக்கிறதா? குஞ்சப்பனை வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வாந்தி எடுக்கிற குழந்தையை மடியில் வைத்து இறங்கியவர்கள் யாராவது அதைப் பேசுங்களேன், நான் நாள் முழுக்க ஷேர் பண்ணுகிறேன். அதைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரிய ஆட்கள். அம்மாவைக் கேட்டால் அவள் அழுதுவிட்டுப் போய்விடுவாள். அதனால் அம்மாவைக் கேட்கிறீர்கள்.

அந்தப் பெண் அன்று இரவே இறங்கிவிட்டார். என்னைத் திட்டிக்கொண்டேதான் போயிருப்பார், நான் போனில் பேசிய விதம் அப்படி. பரவாயில்லை.

குரூப் அட்மின்களுக்கு: அந்த ஆடியோவை அழியுங்கள். "ரெண்டு பக்கக் கருத்தும் இருக்கட்டுமே" என்று எனக்கு எழுதிய அட்மினுக்குத் தனியாக: நான் உங்கள் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன், திரும்பச் சேர்க்காதீர்கள். கைகூப்பும் பொம்மை போட்டு எனக்கே அதை அனுப்பிய மூணு பேரை பிளாக் செய்திருக்கிறேன், அதில் ஒருவர் என் கல்யாணத்தில் முன்னால் நின்று வரவேற்றவர். பின்னூட்டத்தில் கஷாயச் செய்முறை வந்தால் அழிப்பேன், விவாதம் செய்ய மாட்டேன். காய்ச்சல் அடிக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மட்டும் மகனுக்கு எக்கோ இருக்கிறது, அன்றைக்குப் போன் கணவர் கையில் இருக்கும்.