அரை நாள்ல ராமேஸ்வரம் பார்க்குறவங்களுக்கு

அந்த ரீல்ஸை எல்லாரும் பார்த்திருப்பீங்க. சொட்டச் சொட்ட நனைஞ்ச ஜீன்ஸோட ரத வீதியில நின்னு, "ராமேஸ்வரமே ஏமாத்து வேலை, யாரும் வராதீங்க"ன்னு ஒருத்தர் பொங்குறாரே, அதேதான். தீர்த்தம்னு தலையில நாலு சொட்டு தெளிச்சாங்களாம். ஈரத்தோட சாமி பார்க்க விடலையாம்.

ஐயா, ஈரத்தோட சன்னதிக்கு விடமாட்டாங்க. இன்னிக்கு நேத்து வந்த வழக்கமில்ல. முதல்ல அக்னி தீர்த்தக் கடல்ல குளிக்கணும். அப்புறம் கோயிலுக்குள்ள மகாலட்சுமி தீர்த்தத்துல தொடங்கி கோடி தீர்த்தம் வரைக்கும் 22 தீர்த்தக் கிணறு. அதுக்கப்புறம் உலர்ந்த துணி மாத்திக்கிட்டு தரிசனம். மாத்துத் துணியை வேன்லயே விட்டுட்டு வந்தது கோயில் தப்பா? ஜீன்ஸ் தண்ணியைக் குடிச்சா லேசுல காயாது. வேட்டியோ பருத்திச் சுடிதாரோ போதும்.

தெளிச்ச கதைக்கு வருவோம். கிணத்துக் கட்டை மேல ஏறி நின்னு, சின்ன வாளியைக் கயித்துல இறக்கி, இழுத்து ஊத்துறது ஒரு மனுஷன். கீழே ஒரு பஸ் கூட்டமே ஒண்ணா தலையை நீட்டினா ஒரு வாளி எத்தனை பேருக்கு வரும்? அமாவாசையன்னைக்கு வந்து நிதானமா குளிக்கணும்னா நடக்குமா? சாதாரண நாள்ல விடியக்காலையில வாங்க, தலை முழுக்க ஊத்துவாங்க.

பிரச்சினை ஊர்ல இல்ல, உங்க அரை நாள் பிளான்ல. காலையில ஸ்படிக லிங்கம், 22 தீர்த்தம், மூணாம் பிரகாரம், தனுஷ்கோடி, அதோட கடைசி முனையான அரிச்சல்முனையில செல்ஃபி, மதியம் மதுரைக்குக் கிளம்பணும். மத்தியானம் நடை சாத்துவாங்கன்னு பிளான் போட்டவர் சொல்லலையா?

"எல்லாருக்கும் நாலு நாள் லீவு கிடைக்குமா?"ன்னு கேட்பீங்க. யாரும் நாலு நாள் கேட்கல. ஒரு ராத்திரி தங்குங்கன்னுதான் சொல்றேன். "துணி மாத்த இடம் பத்தல, கோயில் செய்யக்கூடாதா?" செய்யணும், ஒத்துக்கறேன். "பெரியவங்களால முடியல." அப்போ அவங்களை இன்னும் ஏன் ஓட்டுறீங்க? இந்தச் சேதுக் கரை மண்ணை எடுத்துட்டுப் போய் பிரயாகையில கரைச்சு, கங்கை ஜலத்தோட திரும்பி வந்து இங்க அபிஷேகம் பண்ணினவங்க இருந்த யாத்திரை இது. அவங்களுக்கு ஏசி வேனும் இல்ல, 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் திறந்த ரோடும் இல்ல.

அதுகூடப் போகட்டும். குளிச்ச துணியைக் கடல்ல விட்டா தோஷம் போகும்னு ஒரு புதுக் கதை. இது பெண் கடல்னு சொல்ற அமைதியான கடல், பெரிய அலை கிடையாது. விட்ட புடவை அங்கேயே மண்ணுல புதையும், அடுத்து குளிக்கிறவர் கால்ல சுத்தும், மீன்பிடி வலையில மாட்டும். தோஷத்தை இங்க இறக்கிட்டு வேன்ல ஏறிட்டீங்க. அதை அள்ளுறது இந்த ஊர் ஆட்கள். அவங்களைத்தான் ரீல்ஸ்ல திருடன்ங்கிறீங்க. இந்த மாதிரி விடணும்னு யார் சொன்னான்னு கேட்டா, "டிரைவர் சொன்னார்."