சோர்எல்1 மரபணு எதிரி அல்ல

"சோர்எல்1 மரபணுதான் அல்சைமரை உண்டாக்குகிறது, அதை முடக்கினால் நோய் வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விஷயம் நேர் தலைகீழ்.

11ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, சோர்லா என்ற ஏற்பியை, அதாவது மற்ற புரதங்களைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை, உருவாக்குகிறது. செல்லுக்குள் எந்தப் புரதம் எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை, தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பது மாதிரி. ஏபிபி என்ற புரதம் எண்டோசோம் என்ற சிறு பைக்குள் தங்கிவிட்டால், நொதிகள் அதை வெட்டி அமிலாய்டு பீட்டாவாக மாற்றும். நோயாளிகளின் மூளையில் படிவது இதுதான். சோர்லா ஏபிபியைப் பிடித்து, ரெட்ரோமர் என்ற புரதக் கூட்டத்தின் உதவியோடு செல்லுக்குள் புரதங்களைப் பொதிந்து அனுப்பும் பகுதியான கோல்கி உறுப்புக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் அமிலாய்டு உற்பத்தி குறைகிறது. அப்புறம் இதை முடக்கினால் என்ன ஆகும்? அமிலாய்டு கூடும்.

2007இல் வெளியான மரபணு ஆய்வும் இதைத்தான் காட்டியது: இந்த மரபணுவின் சில வகைகள் முதுமையில் வரும் அல்சைமரோடு தொடர்புடையவை, சோர்லா குறைந்தால் ஏபிபி தவறான பாதையில் போகிறது.

இன்னொன்று. மரபணுப் பரிசோதனையில் இதில் ஒரு மாற்றம் தெரிந்தாலே நோய் நிச்சயம் என்று தயவுசெய்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். பல மாற்றங்கள் தீங்கற்றவை. புரதத்தையே செயலிழக்கச் செய்யும் அரிய மாற்றங்கள்தான் ஆபத்தை நன்றாகக் கூட்டுகின்றன.