அந்தக் காலம் அப்படியாம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் திரைப்பட ரசிகர் குழுவில் போட்ட பட்டியலையும் அதற்குக் கீழே நடந்த கூத்தையும் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. பழைய ஐரோப்பிய சினிமாவின் பத்து மேதைகள். பத்தும் ஆண்கள். "ஒரு பெண்கூடவா கிடைக்கவில்லை?" என்று ஒரே வரிதான் கேட்டேன். "அக்கா, அந்தக் காலம் அப்படி. இன்றைய அளவுகோலால் அன்றைய படத்தை அளக்காதீர்கள்" என்று பதில். அதற்கு எத்தனை ஹார்ட்டின்!

சரி, இன்றைய அளவுகோல் வேண்டாம், அன்றையதையே எடுங்கள். பிரெஞ்சுப் புதிய அலை, அதாவது பிரெஞ்சு சினிமாவை மாற்றிய இளம் இயக்குநர்களின் இயக்கம், 1959-ல் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் இயக்குநர் ஆக்னஸ் வார்தாவின் முதல் படம் வந்தது அதற்கும் முன்னால், 1955-ல். அவருக்குப் 'புதிய அலையின் பாட்டி' என்று பட்டம் வேறு. அவர் பிறந்தது 1928-ல். அதே அலையைச் சேர்ந்த எரிக் ரோமர் பிறந்தது 1920-ல். எட்டு வயது மூத்த ரோமர் உங்கள் பட்டியலில் மேதை, சின்னவள் பாட்டி!

1962-ல் வார்தா எடுத்த 'கிளியோ 5 முதல் 7 வரை' படத்தில் டாக்சி ஓட்டுவது ஒரு பெண். அந்த டாக்சியின் ரேடியோவில் பிரான்சிடமிருந்து விடுதலைக்குப் போராடிய அல்ஜீரியாவின் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். (புதிய அலையின் இன்னொரு இயக்குநர் கோதார்த்தும் அல்ஜீரியாவைத் தொட்டார், அந்தப் படம் 1963 வரை தடையில் கிடந்தது, தெரியும். அதைச் சொல்ல யாரும் கமென்ட்டுக்கு வர வேண்டாம்.) "அன்றைய ஐரோப்பாவில் கறுப்பர்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்ட தம்பிக்கு: 1955-ல் பாரிஸிலேயே ஆப்பிரிக்க இயக்குநர் பாலின் வியேராவும் நண்பர்களும் அங்கே வாழ்ந்த ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் படம் எடுத்தார்கள். சொந்த மண்ணில் எடுக்க பிரெஞ்சு காலனி அரசு விடவில்லை என்பதால் பாரிஸில் எடுத்தார்கள். ஆக ஆட்கள் இருந்தார்கள், கேமராவும் இருந்தது. அந்தக் காலம் அப்படி இல்லை. நீங்கள் பார்த்த அந்தக் காலம்தான் அப்படி.

"பெர்க்மன் பெண்களை மையமாக வைத்துத்தானே எடுத்தார்?" ஆமாம், அந்த ஸ்வீடன் இயக்குநரின் 'பெர்சோனா' என்றால் எனக்கும் உயிர். ஆனால் அவர் படத்தில் நடித்த மாய் செட்டர்லிங் 1964-ல் தானே இயக்குநராகி முழுநீளப் படம் எடுத்தாரே, அந்தப் பெயர் இந்தக் குழுவில் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? "கலையில் தலையெண்ணிக்கை பார்க்கலாமா" என்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. பத்து என்று எண்ணியது நானா?

பல வருடங்களுக்கு முன் ஒரு திரையிடலில் பெல்ஜியப் பெண் இயக்குநர் ஷாந்தால் அக்கர்மனின் 'ழான் டீல்மன்' போட்டோம். 1975-ல் வந்த படம், மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். அந்தப் பெண் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுவாள், நாமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. அடுப்படியில் அவளை நான் முதுகுப் பக்கமாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பின்வரிசையில் ஒருவர், "கிழங்கு உரிக்கிறதைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தோம்?" என்றார். சிரிப்பு. இடைவேளைக்குப் பிறகு பாதி நாற்காலி காலி. அதே ஆட்கள்தான் அடுத்த மாதம் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் படத்தில் ஒரு மனிதன் காய்ந்த குளத்துக்குள் அணையாமல் மெழுகுவத்தியைக் கொண்டுபோக முயலும் ஒன்பது நிமிடக் காட்சியை மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஆண் மெழுகுவத்தி பிடித்தால் தவம், பெண் கிழங்கு சீவினால் அறுவை. 2022-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகையின் உலகச் சிறந்த படங்களுக்கான வாக்கெடுப்பில் அந்தக் கிழங்குப் படம் முதலிடத்துக்கு வந்ததும் "எல்லாம் அரசியல்" என்று முதலில் எழுதியவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குக் கோபம் பட்டியல் மேல்கூட இல்லை. இத்தனை வருடமாக சப்டைட்டில் கோப்பு தேடி எடுத்ததும், ஹாலுக்குச் சாவி வாங்கி வந்ததும், புரொஜெக்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் இந்த அக்காதான். அப்போதெல்லாம் யாருக்கும் என் 'பெண்ணியக் கண்ணாடி' உறுத்தவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் அதைக் கழற்றச் சொல்கிறார்கள்.

இந்த மாதத் திரையிடலுக்கும் புரொஜெக்டர் கேட்டு நேற்று மெசேஜ் வந்தது. பழுது என்று சொல்லிவிட்டேன். அது நன்றாகத்தான் இருக்கிறது.