குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் வராதா?

இந்த உரையாடலில் ஒருவர், குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோய் (ரெட்டினோபிளாஸ்டோமா) பரம்பரை நோய், குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் கவலையே வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியல்ல.

இந்த நோய் வரும் குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குத்தான் குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருந்திருக்கும். மற்றவர்கள் எல்லாம் அந்தக் குடும்பத்தில் முதல் ஆள். 'பரம்பரை' என்ற சொல்தான் குழப்புகிறது என்று நினைக்கிறேன். 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் விழித்திரையில் கட்டி உருவாகிறது. 1971இல் அமெரிக்க மரபியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் நுட்சன் முன்வைத்த 'இரட்டை அடி' கருத்து இதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு பழுதுமே கண்ணின் ஒரு செல்லுக்குள் தற்செயலாக நேர்கின்றன. சுமார் 40 சதவீதத்தினருக்கு முதல் பழுது கண்ணில் மட்டுமல்ல, உடல் முழுக்க உள்ள செல்களில் இருக்கும். அதிலும் பலருக்கு அது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, புதிதாக ஏற்பட்டது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணையதளத்தில் இந்த நோய்க்கான பக்கத்தில் மரபியல் பகுதியைப் பாருங்கள், அல்லது குழந்தைகள் கண் மருத்துவர் யாரிடமாவது கேளுங்கள். அப்புறம், ஃபிளாஷ் போட்டோவில் குழந்தையின் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் குடும்ப வரலாற்றை யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். வேறு காரணமாகவும் இருக்கலாம், ஆனால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.